வின்ச் இழுவையில் கோளாறா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகலாம்

ஓடுதளத்தின் ஒரு முனையில் எஞ்சின் இல்லாத விமானமான கிளைடர். மறுமுனையில் பெரிய எஞ்சினும் டிரம்மும் கொண்ட வின்ச். இடையில் 800 மீட்டரிலிருந்து 1,500 மீட்டர்வரை நீண்டு கிடக்கும் கேபிள். டிரம் சுற்றச் சுற்றக் கேபிள் உள்ளே வரும்; கிளைடர் பட்டம்போல் மேலே ஏறும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஒழுங்காக நடக்காத அந்த ஒரு நிமிடத்தைப் பற்றியதுதான் இது.

படிக்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேபிளில் தொங்கிக்கொண்டிருக்கும்போது யாரும் காரணம் தேடக்கூடாது. "ஏன் வேகம் குறைகிறது, வின்ச்காரர் தூங்கிவிட்டாரா" என்று யோசிக்கும் நேரத்தில் குறைய வேண்டிய வேகமெல்லாம் குறைந்துவிடும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் கை செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். காரணமும் பழுதும் கிளைடர் தரையில் நின்ற பிறகு பார்க்க வேண்டியவை. பயிற்றுநர் பின் இருக்கையில் அமர்ந்து சொல்லித்தருவதற்கு இது மாற்றல்ல. அவர் சொன்னதை நினைவில் அடுக்கிவைக்க உதவும்.

கோளாறு எது என்று தெரிய, சரியான இழுவை எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். தரையோட்டம் மூன்று நான்கு நொடிதான். சக்கரம் தரையை விட்டதும் கிளைடர் கொஞ்சநேரம் தாழ்வான கோணத்திலேயே வேகம் பிடிக்கும். ஸ்டால் வேகத்தைப்போல் (இதற்குக் கீழே போனால் இறக்கை கிளைடரைத் தாங்காது) 1.3 மடங்கைத் தாண்டிய பிறகு, மூக்கு படிப்படியாக உயர்ந்து சுமார் 35 டிகிரிக்கு வரும். அந்த உயர்வுக்குக் குறைந்தது 5 நொடி ஆக வேண்டும். ஏற்றம் முழுவதும் ஸ்டால் வேகத்தைப்போல் ஒன்றரை மடங்கு அளவில் ஓடினால் நிம்மதி. உங்கள் கிளைடரின் ஸ்டால் வேகம் மணிக்கு 70 கி.மீ. என்றால், 91-க்குக் கீழே மூக்கைத் தூக்காதீர்கள், 105 பக்கம் வைத்துக்கொள்ளுங்கள் என்று கணக்கு. மேல் எல்லை, கிளைடரின் கையேட்டில் வின்ச்சுக்கென்று தனியாக எழுதியிருக்கும் வேகம். இந்த மூன்று எண்ணும் கேனோபியை, அதாவது விமானியின் தலைக்குமேல் உள்ள கண்ணாடி மூடியை, மூடும் முன்பே வாயில் வர வேண்டும்.

சிக்னல் கொடுத்தாயிற்று, கேபிள் அசையவில்லை

பெரும்பாலும் சிக்னல் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். விளக்குக் கண்ணாடியில் புழுதி, வெயில் நேராக அடிப்பது, ரேடியோ பேட்டரி என்று சின்னக் காரணங்கள். செய்யக்கூடாத ஒன்று உண்டு: கொக்கியில் கேபிளை மாட்டியபடியே உட்கார்ந்து காத்திருப்பது. கேபிளைக் கழற்றிவிட்டு விசாரியுங்கள். திடீரென்று வின்ச்காரருக்குப் பழைய சிக்னல் நினைவுக்கு வந்து இழுத்துவிட்டால், நீங்கள் பாதி கவனத்தோடு வானத்தில் இருப்பீர்கள்.

தொய்வு எடுக்கும்போதே கிளைடர் முன்னால் துள்ளுகிறது

கை: உடனே ரிலீஸை (கேபிளைக் கழற்றிவிடும் குமிழை) இழுங்கள். கிளைடர் தன் கேபிளையே முந்திக்கொண்டு ஓடினால், தொய்ந்த கேபிள் சக்கரத்திலோ சறுக்குக்கட்டையிலோ சுற்றிக்கொள்ளும். அடுத்த நொடி முழு இழுப்பு வரும்போது ரிலீஸ் இழுத்தாலும் பயனிருக்காது, ஏனென்றால் கேபிள் இப்போது கொக்கியில் இல்லை, சக்கரத்தில் இருக்கிறது. "கொஞ்சம்தானே உருண்டது" என்று விட்டுவிடும் வழக்கம் பல களங்களில் பார்க்கலாம். நல்ல வழக்கமல்ல.

காரணம் இரண்டு பக்கமும் இருக்கலாம். வின்ச்காரர் தொய்வை ஆமை வேகத்தில் எடுக்காமல் வெடுக்கென்று எடுத்திருப்பார். இல்லையென்றால் கேபிள் நேராகக் கிடக்காமல் வளைந்தோ புதரில் மாட்டியோ இருந்திருக்கும். புதர் விட்ட கணத்தில் இழுவிசை மொத்தமாக வந்து சேரும். புல் உயரமாக வளர்ந்த காலத்தில் இரண்டாவது காரணமே அதிகம். கேபிளை இழுத்துவரும் வண்டி ஒவ்வொரு முறையும் ஒரே நேர்கோட்டில் வருகிறதா என்று பாருங்கள். வளைவு எங்கே இருக்கிறது என்பது அந்த டயர் தடத்திலேயே தெரியும்.

தரையோட்டத்தில் ஒரு இறக்கை தாழ்கிறது

கை: இறக்கையைச் சமன்செய்ய முடியவில்லை என்று தெரிந்த கணமே ரிலீஸ். இறக்கை நுனி தரையைத் தொடும் *முன்பு*. தொட்ட பிறகு அல்ல.

வின்ச் விபத்துகளில் மிகக் கொடூரமானவற்றில் ஒன்று இங்கேதான் பிறக்கிறது. நுனி புல்லில் இழுபட்டதும் கிளைடர் அந்தப் பக்கம் திரும்பும். கேபிளோ முன்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். வெளிப்பக்க இறக்கை வேகமாக வீசப்பட்டு, கூடுதல் தூக்குவிசை பெற்று எழும். கிளைடர் நுனியை அச்சாக வைத்துப் புரண்டு, தலைகீழாக விழும். தொடக்கத்திலிருந்து முடிவுவரை சில நொடிகள். அதில் விமானி தலையிடக்கூடிய பங்கு ஒரு நொடிகூட இல்லை. ஆகவேதான் இடது கை ரிலீஸ் குமிழ்மேலேயே இருக்க வேண்டும் என்கிறோம். பக்கத்தில் இருந்தால் போதாது. முழங்கால்மேல் வைத்த கை, முடுக்கத்தில் பின்னால் தள்ளப்பட்டு, குமிழைத் தேடிக் கண்டுபிடிக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும். பிரிட்டிஷ் கிளைடிங் அசோசியேஷன் 2005-ல் தொடங்கிய பாதுகாப்பான வின்ச் இழுவைக்கான இயக்கம் அழுத்திச் சொன்னவற்றில் இதுவும் ஒன்று. புதிய கருவி எதுவும் வேண்டாம், கை எங்கே இருக்கிறது என்பதே கேள்வி.

காரணங்களில் முதலில் இறக்கை பிடிப்பவரைப் பாருங்கள். பல நேரம் அவர் நல்லெண்ணத்தோடு நுனியை இறுக்கிப் பிடித்து ஓடுவார். கிளைடர் அவரைவிட வேகமாகப் போகும்போது அந்த இறக்கை பின்னுக்கு இழுபடும். இரண்டு விரலால் தாங்கினால் போதும். பக்கக் காற்று வீசும்போது, காற்று வரும் பக்கத்து இறக்கை தானாக எழ முயலும். அதைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடிக்கச் சொல்லலாம். அடுத்து வின்ச்சின் முடுக்கம். மந்தமாக இழுத்தால் எய்லரான்களில் (கிளைடரைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்களில்) போதிய காற்று படாது, கட்டுப்பாட்டுக் குச்சியை எவ்வளவு சாய்த்தாலும் இறக்கை கேட்காது. பக்கக் காற்றும் மந்த முடுக்கமும் ஒன்றாக வரும் நாளில் கிளம்பாமலே இருக்கலாம்.

தரையை விட்டதும் மூக்கு தானாக மேலே பாய்கிறது

கை: குச்சியை முன்னால் தள்ளி மூக்கைப் பிடித்து நிறுத்துங்கள். வேகம் 1.3 மடங்கைத் தாண்டும்வரை தாழ்வான கோணம்தான்.

இது ஏன் ஆபத்து என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அழகான ஏற்றமாகத் தெரியும். மூக்கை வேகமாகத் தூக்கும்போது இறக்கைகள் கிளைடரின் எடையை மட்டும் சுமக்கவில்லை. கேபிளின் இழுப்பையும், பாதையை வளைப்பதற்கான விசையையும் சேர்த்துச் சுமக்கின்றன. சுமை இரண்டு மடங்கானால் ஸ்டால் வேகம் 1.41 மடங்காகும். 70-ல் ஸ்டால் ஆகும் கிளைடர் இப்போது 99-ல் ஸ்டால் ஆகும். வேகமானி 95 காட்டும், நீங்கள் பாதுகாப்பாக இருப்பதாக நினைப்பீர்கள். ஒரு இறக்கை மட்டும் முதலில் ஸ்டால் ஆனால் கிளைடர் வெடுக்கென்று உருண்டு, மீட்க உயரமே இல்லாத இடத்தில் சுழலுக்குள் போகும். மூக்கு உயர 5 நொடி வேண்டும் என்ற விதி இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

தரையில் தேட வேண்டியது: முதலில் இருக்கை. இலகுவான உடல்வாகு உள்ளவர் முதுகில் மெத்தை வைத்திருப்பார். முடுக்கத்தில் அந்த மெத்தை அமுங்கும், அவர் பின்னால் சரிவார், கையில் பிடித்த குச்சியும் கூடவே பின்னால் வரும். தன் கை இழுத்தது அவருக்கே தெரியாது. மெத்தை அழுத்தினால் அமுங்காத வகையாக இருக்க வேண்டும். இடுப்புப் பட்டை இறுக்கமாக இருக்க வேண்டும். முதுகுப் பலகையின் பூட்டு சரியாக விழுந்திருக்க வேண்டும். பிறகு டிரிம் (குச்சியைத் தானாக ஒரு நிலையில் நிற்கவைக்கும் அமைப்பு) எங்கே இருந்தது என்று பாருங்கள். பிறகு எடைக் கணக்கு: விமானியின் எடை கீழ் வரம்புக்கு அருகில் இருந்து ஈர்ப்பு மையம் பின்னால் இருந்தால், மூக்கு உயரத் துடிக்கும். கடைசியாக வின்ச்: மிகக் கூர்மையான முடுக்கம் இருந்தால், தாழ்வாக அமைந்த கொக்கி காரணமாகக் கிளைடர் மூக்கைத் தூக்கும். மூக்கைத் தரையில் ஊன்றி நிற்கும் வகைக் கிளைடர்களில் வால் தரையில் மோதி எழும் ஆட்டமும் சேர்ந்துகொள்ளும்.

மூக்கு உயர மறுக்கிறது

கை: வேகம் இருந்தும் ஏற்றம் கிடைக்கவில்லை என்றால், முன்னால் ஓடுதளம் மீதமிருக்கும்போதே ரிலீஸ் செய்து நேராக இறங்குங்கள்.

தரையில் முதல் சந்தேகம் கொக்கிமேல். பல கிளைடர்களில் இரண்டு கொக்கி உண்டு: மூக்கருகே இருப்பது விமானத்தால் இழுக்க, வயிற்றடியில் ஈர்ப்பு மையத்துக்கு அருகே இருப்பது வின்ச்சுக்கு. மூக்குக் கொக்கியில் மாட்டினால் கேபிள் மூக்கைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். மாட்டுபவரிடம் "வின்ச் கொக்கி" என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் இருந்தால் இந்தத் தவறு நடக்காது. இரண்டாவது சந்தேகம் ஏர்பிரேக், அதாவது இறங்கும்போது இறக்கையிலிருந்து எழுப்பும் தடுப்புத் தகடு. பூட்டு முழுதாக விழாவிட்டால் ஏற்றத்தில் அது உறிஞ்சப்பட்டுத் திறந்துகொள்ளும். சரிபார்ப்பில் கண்ணால் இறக்கையைப் பார்த்துச் சொல்ல வேண்டும், கைப்பிடியைத் தொட்டுவிட்டுச் சொன்னால் போதாது.

ஏற்றத்தில் வேகம் குறைந்துகொண்டே வருகிறது

கை: மூக்கைத் தாழ்த்துங்கள். வேகம் திரும்பினால் தொடரலாம். 1.3 மடங்குக்குக் கீழே போகும் என்று தோன்றினால், மூக்கை இறங்குநிலைக்கு (வழக்கமாக இறங்கும்போது இருக்கும் நிலைக்கு) கொண்டுவந்து, ரிலீஸ் செய்து, கேபிள் அறுந்ததாகவே நடத்துங்கள்.

என்னைக் கேட்டால், கேபிள் அறுவதைவிட இது பொல்லாதது. அறுந்தால் சத்தம் கேட்கும், முதுகு இருக்கையை விட்டு எழும், உடம்புக்கே விஷயம் புரிந்துவிடும். வின்ச் மெல்ல மெல்லச் சோர்ந்தால் எந்த அறிவிப்பும் இல்லை. காற்றின் இரைச்சல் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கண் வேகமானியில் இல்லாவிட்டால் காது ஒன்றே துணை. மூக்கு 35 டிகிரி மேலே இருக்க, வேகம் 85-க்கு இறங்கிய நிலையில் இழுப்பு முற்றிலும் நின்றால், அடுத்து நடப்பதைச் சரிசெய்ய கையில் ஒன்றும் இருக்காது.

இங்கே ஒரு வாதம் அடிக்கடி வரும்: "குச்சியைப் பின்னால் இழுத்தால் வேகம் கூடும், பட்டம் மாதிரி." டிரம் ஒரே வேகத்தில் சுற்றும் என்றால் அது ஓரளவு உண்மை. செங்குத்தாகப் போகும் கிளைடர் அதே நேரத்தில் நீண்ட பாதையைக் கடக்க வேண்டியிருப்பதால் காற்றுவேகம் கூடும். ஆனால் வின்ச் ஏற்கனவே திணறிக்கொண்டிருக்கும்போது குச்சியை இழுப்பது சுமையை ஏற்றுவதாகும். எஞ்சின் இன்னும் படுத்துவிடும். மூக்கைத் தாழ்த்தினால் சுமை குறையும், டிரம்முக்கு மூச்சு வரும்.

தரையில் பார்க்க வேண்டியவை, வாய்ப்பு அதிகமானதிலிருந்து: வின்ச்காரர் இந்தக் கிளைடருக்கு உரிய அளவு த்ராட்டில் வைத்தாரா? இரண்டு இருக்கைக் கிளைடருக்குப் பிறகு இலகுவான ஒற்றை இருக்கையும், பிறகு மறுபடி இரண்டு இருக்கையும் வந்தால், பழைய அளவிலேயே கை நிற்கும். எந்த வகை, எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு முறையும் ரேடியோவில் சொல்லுங்கள். அடுத்து, எதிர்காற்று அடங்கிவிட்டதா? காலையில் போதுமாக இருந்த த்ராட்டில் மாலையில் போதாது. மேலே காற்று வலுத்துக் கீழே அடங்கியிருந்தால் இழுவையின் நடுவிலேயே வேகம் மாறும். அதன் பிறகே எஞ்சின்: காற்று வடிகட்டி, எரிபொருள் வடிகட்டி, பற்றவைப்பு, சூடேறிய டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாக டிரம் பக்கம் கடத்தும் பகுதி) எண்ணெய். எஞ்சின் சத்தம் உயர்ந்தும் கேபிள் வேகம் உயரவில்லை என்றால் வழுக்கல் கியர்பெட்டிப் பக்கம். சத்தமே உயரவில்லை என்றால் கோளாறு எஞ்சின் பக்கம்.

வேகம் எல்லையைத் தாண்டுகிறது

கை: குச்சியை இன்னும் இழுத்து வேகத்தை அடக்கப் பார்க்காதீர்கள், இறக்கையிலும் கேபிளிலும் சுமை ஏறும். உங்கள் களத்தில் ஒப்புக்கொண்ட "அதிவேகம்" சிக்னலைக் கொடுங்கள். பல இடங்களில் சுக்கானால் வாலை இருபுறமும் ஆட்டுவதே சிக்னல். குறையவில்லையென்றால் பின்னிழுப்பைத் தளர்த்தி ரிலீஸ். எந்தச் சிக்னல் எதற்கு என்பது நாட்டுக்கு நாடு மாறும். வேறு களத்துக்குப் போனால் முதல் வேலையாக இதைக் கேளுங்கள்.

காரணம் பெரும்பாலும் மேலே வலுத்த எதிர்காற்று, அல்லது முந்தைய கனமான கிளைடருக்கு வைத்த த்ராட்டில்.

மூக்கு மேலும் கீழும் ஊஞ்சலாடுகிறது

இழுவையின் மேல்பாதியில், குச்சியை அதிகமாகப் பின்னால் இழுத்திருக்கும்போது வரும். பின்னிழுப்பைக் கொஞ்சம் தளர்த்தினால் நிற்கும். குச்சியை ஆட்டத்துக்கு எதிராக அசைத்துச் சரிசெய்ய முயன்றால் கூடும். திரும்பத் திரும்ப எல்லோருக்கும் வருகிறதென்றால், வின்ச்காரர் உச்சிக்கு அருகில் த்ராட்டிலைப் படிப்படியாகக் குறைக்காமல் விட்டிருக்கலாம்.

'டப்' என்ற சத்தம், முதுகு இலகுவாகிறது: கேபிள் அறுந்தது

கை: குச்சி முன்னால். மூக்கு, வழக்கமாக இறங்கும்போது இருக்கும் நிலைக்கு வரும்வரை. *காத்திருங்கள்*. இறங்கு வேகம் வேகமானியில் தெரிந்த பிறகே ஏர்பிரேக்கும் திருப்பமும். ரிலீஸை இரண்டு முறை இழுங்கள், கொக்கியில் கேபிள் துண்டு தொங்கலாம்.

அவசரம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 டிகிரி ஏறிக்கொண்டிருக்கும் கிளைடரில் இழுப்பு நின்றால், புவியீர்ப்பு மட்டுமே ஒவ்வொரு நொடியும் மணிக்குச் சுமார் 20 கி.மீ. வேகத்தைப் பறிக்கும். அதனால் முதல் அசைவு உடனடியாக இருக்க வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு வருவது பொறுமை. மூக்கு இறங்குநிலைக்கு வந்துவிட்டது என்பதற்காக வேகம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மூக்கு முதலில் வரும், வேகம் சில நொடி கழித்தே வரும். அந்த இடைவெளியில் ஏர்பிரேக்கைத் திறந்தால் கிளைடர் கல்லாக இறங்கும். திரும்பினால் சுழலும்.

இன்னொரு பொறி: மூக்கை வேகமாகத் தள்ளும்போது உடம்பு மிதக்கும், வயிறு மேலே வரும். புதியவர்கள் சிலர் அந்த மிதப்பை ஸ்டால் என்று எண்ணி, இன்னும் தள்ளுவார்கள். மூக்கு தரையை நோக்கிச் செங்குத்தாகும். மிதப்பு என்பது நீங்கள் தள்ளுவதால் வருவது. தொடுவானத்தைப் பார்த்து, இறங்குநிலையில் மூக்கை நிறுத்துங்கள். இந்த மிதப்புக்குப் பயந்து உறைபவர் யார் என்பது தனியாகப் பறக்கவிடும் முன்பே பயிற்றுநருக்குத் தெரிய வேண்டும். உயரத்தில் மெல்லிய அளவில் பழக்கினால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும்.

பிறகு எங்கே இறங்குவது? முன்னால் இடம் இருந்தால் நேராக. இருக்கிறதா என்ற சந்தேகம் வராத அளவு தாழ்வாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். நேராக இறங்க இடம் இல்லாத அளவு உயரம் இருந்தால்தான் திருப்பம். பக்கக் காற்று இருந்தால் முதலில் காற்று போகும் திசைக்குத் திரும்பினால், கடைசித் திருப்பம் காற்றை எதிர்த்து அமையும், இடமும் கிடைக்கும். அன்றைய காற்றுக்கு எந்தப் பக்கம் என்பதை கேபிள் மாட்டும் முன்பே சொல்லிக்கொள்ளுங்கள்.

வின்ச்காரர் பக்கம்: த்ராட்டிலை உடனே விட்டு டிரம்மை மெதுவாகப் பிடிக்க வேண்டும். சுமை போன டிரம் ஓடிக்கொண்டே இருந்தால் கேபிள் பூனை விளையாடிய நூல்கண்டாகிவிடும்.

வீக் லிங்க் அடிக்கடி உடைகிறது

கேபிளுக்கும் கிளைடருக்கும் இடையே வேண்டுமென்றே பலவீனமாக வைக்கப்படும் உலோகத் துண்டு இது. சுமை எல்லை மீறினால் இது போகட்டும், இறக்கை பிழைக்கட்டும் என்பதற்காக. அடிக்கடி உடைந்தால் மக்கள் செய்யும் முதல் காரியம் இன்னும் வலுவானதைப் போடுவது. அதைச் செய்யாதீர்கள். எது பொருத்தம் என்று கிளைடரின் கையேடு சொல்லும்.

ஜெர்மனியின் டோஸ்ட் நிறுவனத்துத் துண்டுகள் நிறத்தால் அடையாளம் காணப்படுபவை: கறுப்பு 1,000 டெக்காநியூட்டன் (ஒரு டெக்காநியூட்டன் ஏறக்குறைய ஒரு கிலோ எடையின் விசை), பழுப்பு 850, சிவப்பு 750, நீலம் 600, வெள்ளை 500, மஞ்சள் 400, பச்சை 300. முதலில் நிறத்தைக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். ஒற்றை இருக்கைக்குப் போட்ட துண்டோடு இரண்டு இருக்கைக் கிளைடர் போனால் உடையத்தான் செய்யும்.

நிறம் சரி என்றால் துண்டைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். போல்ட் போகும் துளை இன்னும் வட்டமாக இருக்கிறதா, நீண்டு முட்டை வடிவமாகிவிட்டதா? நடுவில் பலவீனமாக்கிய இடத்தின் ஓரத்தில் நகத்தால் வருடினால் மெல்லிய கோடு ஏதும் இடறுகிறதா? வண்ணப்பூச்சு அங்கே மட்டும் மயிரிழையாய் வெடித்திருந்தால் கீழே உலோகமும் களைத்திருக்கிறது. துண்டுகளைச் சேர்த்துப் போட்டு வைக்கும் உறையும் முக்கியம். உறையில்லாமல் தரையில் அடிபட்டு வளையும் துண்டு, எழுதிய எண்ணுக்கு முன்பே போகும். இரட்டைத் துண்டு அமைப்பில் மாற்றுத் துண்டின் துளை நீளமாக இருப்பது தேய்மானமல்ல. முதல் துண்டு உடையும்வரை அதில் சுமை வராமல் இருக்க அப்படியே செய்திருக்கிறார்கள். இது தெரியாமல் நல்ல துண்டை எறிபவர்களும் உண்டு, அதை முதன்மைத் துண்டாகப் போடுபவர்களும் உண்டு.

துண்டும் நல்லதுதான் என்றால், உடையும் நேரத்தைக் கவனியுங்கள். மூக்கு உயரும் கட்டத்தில் உடைந்தால் விமானி வேகமாகத் தூக்குகிறார். மேல்பாதியில் உடைந்தால் பின்னிழுப்பு அதிகம், அல்லது வின்ச் த்ராட்டில் குறையவில்லை. கொந்தளிப்பான நண்பகலில் மட்டும் என்றால் காற்றைத் தவிர யாரையும் குறை சொல்ல முடியாது.

உயரம் போதவில்லை

அமைதியான காற்றில் கேபிள் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குச் சற்றுக் குறைவுவரை உயரம் கிடைக்கும். 1,000 மீட்டருக்கு 350–450 மீட்டர். எதிர்காற்றில் கூடும். எல்லோருக்கும் குறைந்தால் வின்ச் அல்லது காற்று. ஒருவருக்கு மட்டும் குறைந்தால் அவர் மூக்கைத் தட்டையாக வைத்திருக்கிறார், பயந்தவர் எப்போதும் அப்படித்தான். அறுந்து அறுந்து ஒட்டப்பட்ட கேபிள் வருடக்கணக்கில் சுருங்கியிருக்கும் என்பதும் பலருக்கு மறந்துவிடும்.

ரிலீஸ் இழுத்தும் கேபிள் போகவில்லை

கை: மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி இழுப்பைத் தளர்த்தி, மறுபடி முழுதாக, பலமுறை இழுங்கள். வேகத்தைக் காத்தபடி வின்ச்சைத் தாண்டிப் பறந்தால், கேபிள் பின்னோக்கி இழுக்கும்போது கொக்கி தானாகத் திறக்க வேண்டும். வின்ச் கொக்கிகள், கேபிள் கோணம் சுமார் 75–90 டிகிரிக்கு வரும்போது தாமே விடுமாறு அமைந்தவை. இதையும் மீறினால் வின்ச்காரர் வெட்டுக்கத்தியால் கேபிளைத் துண்டிக்க வேண்டும். அதற்கு ரேடியோ வேண்டியதில்லை. கிளைடர் தலைக்குமேல் வந்தும் கேபிள் விழவில்லை என்றால் அவருக்கே தெரிய வேண்டும்.

தரையில்: கொக்கிக்குள் சேறு, காய்ந்த புல், கிளைடருக்குள் இழுவைக் கம்பியின் நார் பிரிந்திருப்பது, தேய்ந்து உருமாறிய இணைவளையம். அந்தந்தக் கொக்கிக்கு உரிய வளையத்தை விட்டு, பட்டறையில் வளைத்த ஏதோ ஒரு வளையத்தைப் போட்டிருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். ஒவ்வொரு நாளும் முதல் பறப்புக்கு முன், கேபிளில் இழுப்புக் கொடுத்து ஒருமுறையும், பின்னோக்கி இழுத்து ஒருமுறையும் கொக்கியைச் சோதியுங்கள்.

கேபிள் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி அறுகிறது

எஃகுக் கேபிளில் முறுக்கு விழுந்த இடம் நேரானது போலத் தெரிந்தாலும் பலம் போனது. அங்கே வெட்டி ஒட்டுங்கள். செயற்கைக் கேபிளில் பார்வை வேறு மாதிரி வேண்டும். மேலே பஞ்சுபோல் மயிர் எழும்பியிருப்பது சாதாரணம். ஆனால் ஒரு அடி நீளம் மட்டும் பளபளப்பாக, விரலால் வளைத்தால் வளையாத விறைப்பாக இருந்தால் அங்கே சூட்டில் இழைகள் உருகி ஒட்டியிருக்கின்றன. இந்தப் பாலிஎத்திலீன் இழை சுமார் 145–150 டிகிரி செல்சியஸில் உருகும், உராயும் உருளைக்கு அந்தச் சூடு பெரிய விஷயமல்ல. எனவே கேபிளை ஒட்டிவிட்டு அப்படியே போகாதீர்கள். வின்ச்சின் வழிகாட்டி உருளைகளைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒன்று சுற்றாமல் நிற்கும்; அதன் விளிம்பில் கேபிள் அறுத்த பள்ளமும் இருக்கும். பேரிங்கை மாற்றி, பள்ளம் விழுந்த உருளையைத் தூக்கிப் போடுங்கள். எஃகுக் கேபிள் ஓடிய பழைய உருளையில் செயற்கைக் கேபிளை ஓட்டுவதாக இருந்தால், அந்தச் சொரசொரப்பு முதல் வாரத்திலேயே அதை அறுக்கத் தொடங்கும்.

கேபிள் களத்துக்கு வெளியே விழுகிறது

பக்கக் காற்றில் விமானி காற்றின் பக்கம் சாய்த்து ஏறவில்லை. அல்லது ரிலீஸான பிறகு வின்ச்காரர் தாமதமாகச் சுருட்டினார். கேபிள் நுனிப்பக்கம் கட்டியிருக்கும் சிறு பாராசூட் விரிந்து, கேபிளையும் கூட்டிக்கொண்டு காற்றில் நடந்துவிட்டது. கிளைடர் விலகியது தெரிந்ததும் பாராசூட்டைக் கண்ணில் வைத்தபடி சுருட்ட வேண்டும், அது தரையைத் தொடும் முன் நிறுத்த வேண்டும். கேபிள் மின்கம்பியில் விழுந்தால் யாரும் அதைத் தொடக்கூடாது. வின்ச்காரர் வின்ச்சில் இருந்தால் இறங்காமல் அங்கேயே இருக்க வேண்டும்; மற்ற எல்லோரும் வின்ச்சையும் கேபிளையும் விட்டு விலகி நின்று, மின்வாரியம் இணைப்பைத் துண்டித்ததாக உறுதி சொன்ன பிறகே அருகில் போக வேண்டும்.

டிரம்மில் கேபிள் சிக்கிக்கொண்டது

கேபிளை வண்டி வெளியே இழுக்கும்போது டிரம் பிரேக் தளர்வாக இருந்தால், வண்டி நிற்கும்போதும் டிரம் சுற்றும். சுற்றுகள் தளர்ந்து ஒன்றுக்குள் ஒன்று புகும். வண்டி ஓட்டுபவர் கடைசி ஐம்பது மீட்டரில் வேகத்தைக் குறைக்க வேண்டும், வின்ச் பக்கம் பிரேக்கைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். சிக்கலை எடுக்கும்போது எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டு கை வையுங்கள். எடுத்த பிறகு கேபிளை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்து, லேசான இழுப்போடு மறுபடி சுருட்டுங்கள். மேலடுக்கை மட்டும் சரிசெய்து விட்டால், அடியில் புதைந்த சுற்று அடுத்த இழுவையின் நடுவில் இறுகும்.